சிவிக் ஈஜியில் பி16ஏ: ஸ்டார்ட்டர் சுழல்கிறது, எஞ்சின் பற்றவில்லை (இன்ஜெக்டர், சென்சார் வயரிங்)

கிள்ளான் வெள்ளை ஈஜி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1993-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக், 1.5 லிட்டர் கார்பரேட்டர் எஞ்சினோடு வந்த ஈஜி தலைமுறைக் கார். அந்த எஞ்சினை இறக்கிவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்) ஒன்றிலிருந்து 1.6 லிட்டர் பி16ஏ எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சென்ற மாதம் ஏற்றினேன். மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட், கிளட்ச் எதிலும் பெரிய தொல்லை இல்லை. தொல்லை முழுவதும் வயரிங்கில்தான். ஹாஃப்கட்டை வெட்டியவர்கள் எஞ்சின் வயரிங்கை டாஷ்போர்டுக்குள் கத்தரித்துவிட்டதால், பி30 ஈசியூவின் (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) மூன்று கனெக்டர்களும் ஒரு சாண் நீள வால்களோடு தனியாகவும், எஞ்சின் பக்கத்து வயர்க் கட்டு தனியாகவும் என் கைக்கு வந்தன. இரண்டு வார இறுதிகளில் நிறம் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நிறம் ஒத்துப்போகாத ஏழெட்டு வயர்களை இணையத்தில் கிடைத்த கனெக்டர் முனை (பின்) வரைபடத்தைப் பார்த்துச் சேர்த்தேன்.

இப்போதைய நிலை இது. சாவியை ஆன் செய்தால் எஞ்சின் விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைகிறது. பம்பும் இரண்டு விநாடி ஓடி நிற்கிறது. ஆனால் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் எஞ்சின் பற்றுவதே இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்து கிடக்கிறது. பொறி எப்போதாவது ஒன்று தெறிக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. எரிபொருள் ரெயிலில் (பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாய்) அழுத்தம் ஏறத்தாழ 3 பார் நிற்கிறது. ஈசியூ போய்விட்டதா என்று அஞ்சுகிறேன்.

சிரம்பான் டர்போ

ஈசியூதான். பழைய ஹோண்டா ஈசியூக்களில் மின்தேக்கி கசிவது ஊரறிந்த கதை. ஹாஃப்கட் கடைக்குப் போய் இன்னொரு பி30 வாங்கிச் சொருகிப் பாருங்கள். வயரிங்கை மறுபடியும் பிரித்து உட்கார்ந்தால் இன்னும் இரண்டு மாதம் போகும்.

ஈப்போ பழைய ஸ்பேனர்

தம்பி, ஈசியூ வாங்கக் கடைக்குப் போகவேண்டாம். வயரிங்கில் குறை இருக்கும்போது புது ஈசியூவைச் சொருகினால், பழையதோடு புதியதும் கெட்டுப்போகும் வாய்ப்பே அதிகம். விளக்கு எரிந்து அணைகிறது, பம்ப் இரண்டு விநாடி ஓடுகிறது என்றால் அந்தப் பெட்டிக்குள் உயிர் இருக்கிறது என்று பொருள். இரண்டையும் இயக்குவது ஈசியூவேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறத்தைப் பார்த்துச் சேர்த்தேன் என்கிறீர்கள். அந்தக் கார் இங்கு வருவதற்கு முன் ஜப்பானில் எத்தனை பேர் கையில் பட்டது, யார் எந்த வயரை மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வயரின் நிறம் ஒரு துப்பு மட்டுமே, சான்று ஆகாது. ஈசியூவின் மூன்று கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, சாவி ஆஃப் நிலையில், அந்தக் கனெக்டர்களின் உள்ளேயிருந்தே எஞ்சினை அளந்து பாருங்கள். எஞ்சின் அறைக்குள் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றத் தேவையில்லை. ஈசியூ எந்த இடத்தில் நின்று எஞ்சினைப் பார்க்கிறதோ அங்கேயே உங்கள் மீட்டரும் நிற்கும். இடையிலுள்ள ஒவ்வொரு சேர்ப்பும் அதே அளவீட்டில் சோதனைக்கு உள்ளாகிவிடும்.

ஓபிடி1 (தொண்ணூறுகளின் தொடக்கத்து ஈசியூ முறை) ஹோண்டாவில் இன்ஜெக்டர்களுக்கு 12 வோல்ட் நேர்முனை பொதுவாக, மெயின் ரிலே வழியாக வருகிறது. அதே மின்சாரம்தான் ஈசியூவின் ஏ25-க்கும் பி1-க்கும் (எழுத்து கனெக்டரைக் குறிக்கும், எண் அதிலுள்ள பின்னைக் குறிக்கும்) போகிறது. எர்த் பக்கத்தைத்தான் ஈசியூ ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறது. ஆகவே ஏ25-இல் ஒரு முனையும் ஏ1-இல் ஒரு முனையும் வைத்தால் முதல் இன்ஜெக்டரின் தடை நேராக மீட்டரில் தெரியும். கிராங்க் சென்சாருக்கு பி15, பி16. டிடிசி சென்சாருக்கு (பிஸ்டன் உச்சிக்கு வருவதை அறிவது) பி13, பி14. சிலிண்டர் சென்சாருக்கு பி11, பி12. இவை மூன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சுருள்கள். ஒவ்வொரு இணையும் 350-இலிருந்து 700 ஓம் வரை காட்டவேண்டும். தண்ணீர் வெப்ப சென்சார் டி13-க்கும் டி22-க்கும் இடையில், உள்ளே போகும் காற்றின் வெப்ப சென்சார் டி15-க்கும் டி22-க்கும் இடையில். நம் ஊர் வெயிலில் குளிர்ந்த எஞ்சினுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து இரண்டரை கிலோ ஓம் வரை, ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் காட்டும். எஞ்சின் 80 டிகிரிக்குச் சூடானால் தண்ணீர் சென்சார் 200 முதல் 400 ஓம் வரை இறங்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இங்கே போடுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

பினாங்கு ரிலே

பழைய ஸ்பேனர் ஐயா சொன்னதோடு ஒரு கேள்வி. உங்கள் எஞ்சினில் இன்ஜெக்டர் ரெசிஸ்டர் பெட்டி இருக்கிறதா? வார்ப்பு அலுமினியத்தில், சூட்டைத் தணிக்கும் வரிகளோடு, ஃபயர்வாலில் ஒட்டியிருக்கும் சிறிய பெட்டி. பி16ஏ என்றால் அது கட்டாயம் வேண்டும்.

சிரம்பான் டர்போ

எங்கள் ஈஜி6-இல் (பி16ஏ எஞ்சினோடே வந்த சிவிக்) அப்படி எதுவும் இல்லை, ஐந்து வருடமாக ஓடுகிறது. கட்டாயம் வேண்டும் என்பது சரியில்லை.

ஈப்போ பழைய ஸ்பேனர்

இருவரும் எஞ்சின் பெயரை வைத்து வாதாடுகிறீர்கள். பெட்டி வேண்டுமா வேண்டாமா என்பதை எஞ்சினின் பெயர் தீர்மானிப்பதில்லை, இன்ஜெக்டரின் தடைதான் தீர்மானிக்கிறது. 1989-இல் வந்த முதல் தலைமுறை பி16ஏ குறைந்த தடை இன்ஜெக்டர்களோடும் பெட்டியோடும் வந்தது. அதில் சிலிண்டர் சென்சார்கூட டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே, எக்ஸாஸ்ட் கேமின் முனையில் தனியாக இருக்கும். பிறகு வந்தவை வேறு. ஹாஃப்கட் கடையில் இரண்டு தலைமுறைப் பாகங்களும் ஒரே தட்டில் கிடக்கும். ரெயிலோடு இன்ஜெக்டரை மாற்றி வைக்க ஐந்து நிமிடம் போதும்.

அளந்த எண் 10-இலிருந்து 13 ஓம் வரை என்றால் பெட்டி தேவையில்லை. ஒன்றரையிலிருந்து இரண்டரை ஓம் என்றால் பெட்டி இல்லாமல் சாவியையே திருப்பாதீர்கள். கணக்கு எளிது. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தரும்போது 2 ஓம் இன்ஜெக்டர் வழியாக 7 ஆம்பியர் பாயும். ஈசியூவுக்குள் அதைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. பெட்டிக்குள் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் 5-இலிருந்து 7 ஓம் வரையுள்ள ரெசிஸ்டர் ஒன்று தொடராக நிற்கிறது. அது சேர்ந்தால் ஓட்டம் 2 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். மறுபக்கமும் தவறு உண்டு. 12 ஓம் இன்ஜெக்டருக்கு முன்னால் பெட்டியை வைத்தால் எதுவும் எரியாது, ஆனால் ஊசி திறப்பதற்குத் தாமதமாகும். எரிபொருள் குறைந்து எஞ்சின் தயங்கும்.

கிள்ளான் வெள்ளை ஈஜி

அளந்துவிட்டேன், ஐயா. கால்களை மடக்கிப் பயணியின் காலடியில் ஒன்றரை மணி நேரம் படுத்துக்கிடந்ததில் இடுப்பு போய்விட்டது.

இன்ஜெக்டர்கள் நான்கும் 11.8-இலிருந்து 12.1 ஓம் வரை. பெட்டி இல்லை, தேவையும் இல்லை என்று புரிந்துகொண்டேன். கிராங்க் 510, டிடிசி 505, சிலிண்டர் 520 ஓம். தண்ணீர் சென்சார் 1.8 கிலோ ஓம், காற்று சென்சார் 1.75. திராட்டில் சென்சாரைக் கனெக்டரை மாட்டிச் சாவியை ஆன் செய்து பார்த்தேன்: மிதி தொடாதபோது டி11-இல் 0.49 வோல்ட், முழுக்க அழுத்தினால் 4.4. மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) டி17-இல் 2.9 வோல்ட். எல்லாமே சரியாகத்தான் இருக்கின்றன, இருந்தும் பற்றவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். தேவையா என்று தெரியவில்லை. ஸ்டார்ட்டர் சுழலும்போது டாஷ்போர்டுக்குள் மெயின் ரிலே டிக், டிக், டிக் என்று விட்டுவிட்டுத் தட்டுகிறது.

ஈப்போ பழைய ஸ்பேனர்

தேவையா என்று கேட்கிறீர்களே, தம்பி, இதுவரை சொன்னவற்றில் மிகவும் தேவையானது அதுதான்.

அந்த ரிலேக்குள் இரண்டு ரிலேக்கள் உண்டு. ஒன்று ஈசியூவுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் மின்சாரம் தருகிறது. மற்றது பம்பை ஓட்டுகிறது. பம்ப் பக்கத்தை மூடி வைத்திருப்பது ஈசியூவின் ஏ7. சுழலும்போது அது விட்டுவிட்டுத் தட்டினால், ஈசியூ சுழற்சியின் நடுவே செத்துச் செத்துப் பிழைக்கிறது என்று பொருள். உங்கள் சென்சார்கள் எல்லாம் நன்றாகப் பேசுகின்றன. கேட்கவேண்டியவர்தான் நொடிக்கொருமுறை மயங்கி விழுகிறார்.

இரண்டே காரணங்கள் இருக்க முடியும். நேர்முனை வரவில்லை, அல்லது எர்த் சரியில்லை. சாவி ஆன் நிலையில் ஈசியூ இழுப்பது சிறிய மின்னோட்டம். அரைகுறை எர்த்கூட அதைத் தாங்கும். சுழலும்போது இன்ஜெக்டர்களும் மற்ற வால்வுகளும் சேர்ந்து இழுக்க, பாட்டரியும் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்க, அப்போதுதான் அந்த எர்த்தின் உண்மை முகம் தெரியும். இதனால்தான் எர்த்தை ஓம் மீட்டரில் சோதிப்பது வீண் வேலை என்கிறேன். ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயர்கூட ஓம் மீட்டரில் 0.2 என்று காட்டிவிடும். வேலை வாங்கும்போது வோல்ட்டில் அளக்கவேண்டும்.

மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனைக் கம்பத்தில் வையுங்கள். சிவப்பு முனையை, ஈசியூ மாட்டியிருக்கும்போதே, ஏ23-இன் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியால் தொடுங்கள். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எண் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பிறகு அதே கறுப்பு முனையோடு, சிவப்பை எஞ்சின் பிளாக்கில் வைத்து மறுபடியும் பாருங்கள். இரண்டு எண்களும் வேண்டும்.

கிள்ளான் வெள்ளை ஈஜி

தம்பியைச் சாவியில் உட்காரவைத்துப் பார்த்தேன். ஏ23-இல் 1.7 வோல்ட். ஏ24-இலும் பி2-இலும் அதே. பிளாக்கில் 0.08 வோல்ட்.

ஈப்போ பழைய ஸ்பேனர்

அப்படியென்றால் பாட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த எர்த் பட்டை நன்றாகவே இருக்கிறது. எஞ்சினிலிருந்து ஈசியூவுக்கு வரும் வழியில்தான் 1.6 வோல்ட் தொலைகிறது. அந்த வழி ஒரே ஓர் இடத்தில் எஞ்சினைத் தொடுகிறது: தெர்மோஸ்டாட் உறையின் மேல் ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டில் வளைய முனையாக உட்காரும் எர்த். அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எஞ்சினை ஏற்றும்போது உறைக்குப் பெயின்ட் அடித்தீர்களா?

கிள்ளான் வெள்ளை ஈஜி

அடித்தேன், ஐயா. சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட், மூன்று பூச்சு. அழகாக இருக்கட்டும் என்று. வளைய முனையின் அடியில் பெயின்ட் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது; போல்ட்டின் மரைகள் மட்டுமே உறையோடு தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. எமரித் தாளால் பளிச்சென்று அலுமினியம் தெரியும்வரை தேய்த்து, வளைய முனையையும் தேய்த்து, இறுக்கினேன். இப்போது ஏ23-இல் 0.2 வோல்ட்டுக்குக் கீழேதான். இரண்டாவது சுழற்சியிலேயே எஞ்சின் பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்து பார்த்தார். நான் அழுதுவிட்டேன் என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

பினாங்கு ரிலே

வாழ்த்துகள். நானும் இதே இடத்தில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். எனக்குப் பெயின்ட் இல்லை. எஞ்சினை ஏற்றும்போது அந்த வளைய முனையை மாட்டவே மறந்துபோய், அது ரேடியேட்டர் குழாயின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

கிள்ளான் வெள்ளை ஈஜி

இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஓடுகிறது, ஆனால் மனத்துக்கு நிறைவாக இல்லை. குளிர்ந்திருக்கும்போது மிதியைத் தொட்டால் ஒரு கணம் தயங்குகிறது. நின்ற நிலையில் மெல்லிய நடுக்கம் இருக்கிறது, எக்ஸாஸ்ட்டில் பெட்ரோல் நெடி அடிக்கிறது. எஞ்சின் விளக்கும் எரிகிறது. டாஷுக்கு அடியிலுள்ள இரண்டு பின் கனெக்டரைக் குறுக்கே இணைத்துப் பார்த்ததில் விளக்கு இரண்டு நீளமாகவும் இரண்டு குறுகியதாகவும் மின்னியது.

பினாங்கு ரிலே

நீளம் ஒன்றுக்குப் பத்து, குறுகியது ஒன்றுக்கு ஒன்று. ஆகவே 22, அதாவது விடெக்கின் (உயர் வேகத்தில் வேறு கேமுக்கு மாற்றும் அமைப்பு) எண்ணெய் அழுத்த சுவிட்ச். அதில் இரண்டு வயர்கள்: ஒன்று ஈசியூவின் டி6-க்குப் போகிறது, மற்றது எர்த். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது அந்த சுவிட்ச் மூடியிருக்கவேண்டும். வயர் விட்டுப்போயிருந்தால் ஈசியூ அதைத் திறந்ததாகப் பார்க்கும். விடெக்கை இயக்காமலேயே அழுத்தம் வந்துவிட்டதா என்று குழம்பிக் குறியீட்டைப் போடும், உயர் கேமுக்கு மாறவும் மறுக்கும். எஞ்சின் நிற்கும்போது டி6-க்கும் எர்த்துக்கும் இடையில் ஏறத்தாழ பூச்சியம் ஓம் வரவேண்டும். நடுக்கத்துக்கு அது காரணமாகாது.

ஈப்போ பழைய ஸ்பேனர்

நடுக்கத்துக்கு வருவோம். தம்பி, நான்கு இன்ஜெக்டர்களும் 12 ஓம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் எந்தப் பின் எந்த சிலிண்டருக்குப் போகிறது என்று பார்த்தீர்களா? நான்கும் ஒரே எண்ணைக் காட்டும்போது தடையை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அன்றே நான் சொல்லியிருக்கவேண்டும், என் தவறு.

கிள்ளான் வெள்ளை ஈஜி

ஏ1, ஏ2, ஏ3, ஏ5. வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சேர்த்தேன். அந்த நான்கு வயர்களும் பழுப்பு, நீலம் என்று வெளிறிப்போயிருந்தன. ஏ4 விடெக் சோலினாய்டு என்பதால் அதைத் தாண்டினேன்.

ஈப்போ பழைய ஸ்பேனர்

அதுதான். ஹோண்டாவில் ஏ1 முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, ஏ5 மூன்றாவது, ஏ2 நான்காவது. நீங்கள் நான்காவதன் எரிபொருளை இரண்டாவதற்கும், இரண்டாவதனுடையதை மூன்றாவதற்கும், மூன்றாவதனுடையதை நான்காவதற்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சுழற்சிக்கு ஒரு முறை எரிபொருள் கிடைத்துவிடுவதால் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் தவறான நேரத்தில் விழுந்த பெட்ரோல் மூடிய இன்டேக் வால்வின் முதுகில் காத்துக்கிடக்கிறது. சூடான வால்வில் அது ஆவியாகிவிடும். குளிர்ந்த வால்வில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தயக்கம் காலையில் மட்டும் வருவதன் காரணம் இது. பல பேர் இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, பிளக்கையும் பம்பையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சரிபார்க்க வழி: ஈசியூ கனெக்டர்களைக் கழற்றிவிட்டு ஏ25-க்கும் ஏ1-க்கும் இடையில் மீட்டரை வையுங்கள். முதல் சிலிண்டரின் இன்ஜெக்டர் பிளக்கை உருவினால் மட்டும் எண் மறையவேண்டும். அப்படியே ஒவ்வொன்றாக.

மலாக்கா கற்றுக்குட்டி

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். இத்தனை சேர்ப்புகளையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தீர்களா, அழுத்து முனையா? எங்கள் போமன் (மெக்கானிக்) வெறும் முறுக்கி டேப் சுற்றுகிறார்.

ஈப்போ பழைய ஸ்பேனர்

முறுக்கி டேப் சுற்றினால் இரண்டு மழைக்காலத்தில் அந்தக் கார் மறுபடியும் இந்த மன்றத்தில் ஓர் உரையாடலைத் திறக்கும். டாஷ்போர்டுக்குள், அசைவில்லாத இடத்தில், நன்றாகப் பற்றவைத்துச் சுருங்கு குழாய் போட்டால் போதும். எஞ்சின் அறைக்குள் நான் அழுத்து முனைதான் போடுகிறேன். ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்துவிடும், அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் முறியும். எல்லாச் சேர்ப்புகளையும் ஒரே அளவில் வெட்டாமல் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் தள்ளி வையுங்கள்; இல்லாவிட்டால் பாம்பு தவளையை விழுங்கியதுபோல் கட்டு வீங்கிவிடும்.

இன்னொன்று: டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் சென்சார் வயர்களைச் சுற்றி உலோக வலை இருக்கும். வெட்டிச் சேர்க்கும்போது அந்த வலையையும் சேர்க்கவேண்டும், ஆனால் எர்த் ஒரு முனையில் மட்டும். இணைகளுக்குள் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிவிடாதீர்கள். சென்சார் தரும் அலை தலைகீழாகிவிடும், ஈசியூ வேறு இடத்தில் பல்லை எண்ணும். ஓம் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. தம்பி வெள்ளை ஈஜி, இதையும் உறுதிசெய்துகொள்ள, டாஷுக்கு அடியிலுள்ள அந்த இரண்டு பின் சர்வீஸ் கனெக்டரை இணைத்து, சூடான எஞ்சினில் டைமிங் விளக்கு அடித்துப் பாருங்கள். 16 டிகிரிக் குறி நடுங்காமல் நிற்கவேண்டும்.

சிரம்பான் டர்போ

நான் அவசரப்பட்டு ஈசியூ என்று சொல்லிவிட்டேன். ஒரு நடைமுறைக் கேள்வி: ஜேபிஜேயில் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) எஞ்சின் மாற்றத்தைப் பதிந்துவிட்டீர்களா? பழைய எஞ்சின் எண் கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்று) இருந்தால் ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் இரண்டிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

கிள்ளான் வெள்ளை ஈஜி

ஹாஃப்கட் ரசீதும் எஞ்சின் எண்ணின் படமும் வைத்திருக்கிறேன். வயரிங் முடிந்ததும் புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போகிறேன். அதனால்தான் இந்த நடுக்கத்தோடு போக விரும்பவில்லை.

இன்று காலை இன்ஜெக்டர் மூன்றையும் இடம் மாற்றிச் சேர்த்தேன். பழைய ஸ்பேனர் ஐயா சொன்னபடி ஒவ்வொரு பிளக்காக உருவி, எண் மறைவதைப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டேன். இரவு முழுவதும் குளிர்ந்திருந்த எஞ்சின். சாவியைத் திருப்பியதும் பற்றியது, மிதியைத் தொட்டதும் தயங்காமல் ஏறியது. பெட்ரோல் நெடியும் இல்லை. டைமிங் விளக்கை நண்பரிடம் இரவல் வாங்கி அடித்தேன். குறி 16-இல் அசையாமல் நிற்கிறது.

22 குறியீட்டுக்கும் விடை கிடைத்தது. அழுத்த சுவிட்சின் எர்த் வயரை நான் சேர்த்திருந்த இடம் வேறெங்கும் இல்லை, இன்டேக் மேனிஃபோல்டின் தாங்கியில், அதே கறுப்புப் பெயின்ட்டின் மேல்.

ஈப்போ பழைய ஸ்பேனர்

மீதிப் பெயின்ட் டப்பாவை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், தம்பி.